காபிக் கடை வைப்பது நமது வேலையா?

“முழுநேர ஊழியர் கையில் செங்கொடி இருக்க வேண்டுமா, சுண்ணாம்பு மட்டை இருக்க வேண்டுமா?”

சென்ற மாதக் கிளைக் கூட்டத்தில் ஒரு மூத்த தோழர் இப்படிக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நமக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அன்று நமது வேட்டியிலும் முழங்கையிலும் சுண்ணாம்புக் கறை அப்படியே இருந்தது.

விஷயம் இதுதான். நமது பகுதியில், மில் கேட்டுக்கு எதிர்ச் சந்தில், நம் சிநேகிதர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறு காபிக் கடை திறக்கப் போகிறார்கள். வெறும் காபிக் கடையல்ல. முன் அறையில் பாய்லரும் பெஞ்சும். பின் அறையில் இரண்டு காரம் போர்டு, நாலு செஸ் பலகை, நாலு பழைய கம்ப்யூட்டர். ஆட்டக்காரர்களுக்கான கடை. பையன்கள் பாஷையில் சொன்னால் ‘கேமிங் கபே’. இந்தப் பெயரைக் கேட்டதும் மூத்த தோழர்கள் முகம் சுளித்ததில் ஆச்சரியமில்லை. நாமும் முதலில் சுளித்தவர்தாம்.

யார் இந்த ஐவர்? இருவர், 2020-ம் ஆண்டு ஊரடங்கின்போது மூடிய ஒரு மில்லில் வேலை பார்த்தவர்கள். ஊரடங்கு போயிற்று; மில் கதவு திறக்கவில்லை. ஒருவர் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனிக்கு மூன்று வருஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டி, இடுப்பு வலியை மட்டும் சம்பாதித்துக் கொண்டு நின்றவர். ஒருவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரிந்தவர். ஐந்தாமவர் ஒரு தங்கை. தஞ்சைப் பக்கத்து விவசாயத் தொழிலாளியின் மகள். மூன்று வருஷம் முடிந்தால் கலியாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஏஜெண்டு ஆசை காட்டி, ஸ்பின்னிங் மில் விடுதியில் கொண்டுவந்து அடைத்த எத்தனையோ பெண்களில் ஒருவர். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற அந்த மங்களகரமான பெயருக்குள் என்ன இருந்தது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவர்கள் நம்மிடம் பணத்துக்காக வரவில்லை. நம்மிடம் பணம் இல்லை என்பது ஊரறிந்த சங்கதி. வாடகைப் பத்திரம் எழுதத் துணையாக இருக்க வேண்டும், வீட்டுக்காரரிடம் பேச வேண்டும், சுவருக்கு வெள்ளையடிக்க நாலு ஆள் சேர்க்க வேண்டும், இவ்வளவுதான் கேட்டார்கள். நாம் உதவி செய்யவில்லை, உபதேசம் செய்தோம். கடை வைத்தவன் கண் கல்லாப் பெட்டியை விட்டு அகலாது. ஐவராக ஆரம்பிப்பீர்கள், இரண்டு வருஷத்தில் ஒருவன் முதலாளியாவான், நாலு பேர் அவனிடம் கூலிக்கு நிற்பீர்கள் என்றோம். சிறு வியாபாரிகளைப் பற்றி நாம் படித்ததையெல்லாம் ஒப்பித்தோம். மூடிய மில்லிலிருந்து வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க சொல்றது சரிதானுங்க தோழர். அப்ப நாங்க என்ன பண்றதுங்க?” என்றார்.

இந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. ‘மில்லைத் திறக்கப் போராடுவோம்’ என்பது சரியான பதில்தான். ஆனால் அந்தப் போராட்டத்தில்தான் அவர் ஐந்து வருஷத்துக்கு மேலாக நிற்கிறாரே! மனுக் கொடுக்க, மறியலுக்கு, உண்ணாவிரதத்துக்கு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தவர். மறியல் முடிந்து வீட்டுக்குப் போனால் அடுப்பு கேட்கிற கேள்விக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும்?

வீட்டுக்குத் திரும்பும்போது 1957-ம் வருஷத்து விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. நமது இளந்தோழர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வெள்ளைக்காரன் காலத்தில், காபித் தோட்ட முதலாளிகளின் சரக்கு இந்தியாவுக்குள்ளேயே விலை போக வேண்டும் என்பதற்காக, 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் ‘இந்தியா காபி ஹவுஸ்’ ஒன்று திறக்கப்பட்டது. பிறகு காபி போர்டு பல நகரங்களில் இத்தகைய கடைகளை நடத்திற்று. தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். 1950-களின் நடுவில் போர்டு கடைகளை மூடத் தீர்மானித்தது. காபியைப் பழக்கிய கைகளுக்கு வேலை நீக்க உத்தரவு கிடைத்தது. தொழிலாளர்கள் தோழர் ஏ.கே. கோபாலனிடம் போனார்கள். ஏ.கே.ஜி. அவர்களிடம் கண்டனத் தீர்மானம் போட்டுவிட்டுக் கலையச் சொல்லவில்லை. கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள், கூட்டுறவுச் சங்கம் அமையுங்கள் என்றார்.

காபி ஊற்றியவர்கள், தட்டுக் கழுவியவர்கள், மேஜை துடைத்தவர்கள் சேர்ந்து 1957 ஆகஸ்டு 19-ந் தேதி பெங்களூரில் சங்கம் அமைத்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 27-ல் டில்லியில் தொழிலாளர்களின் முதல் ‘இந்தியன் காபி ஹவுஸ்’ திறந்தது. 1958 மார்ச் 8-ந் தேதி திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை. அதற்குள் நின்று உழைத்தவர்களில் முக்கியமானவர் தோழர் என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளை, காபி போர்டு தொழிலாளர் சங்கத்தின் ஊழியர். 1958 முடிவதற்குள் புதுச்சேரி, நாகபுரி, ஜபல்பூர், லட்சுமணபுரி, கல்கத்தா என்று கடைகள் பரவின. கேரளத்தில் இன்றும் விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு தோசை கொண்டுவந்து வைக்கிறவர் அந்தக் கடையின் பங்குதாரர். மேஜை துடைக்கச் சேர்ந்தவர் மானேஜராக உயர முடியும்; நிர்வாகக் குழுவுக்கு ஓட்டுப் போடுகிறவரும் அவரே.

காபி ஹவுஸில் ஜனங்கள் கூடிப் பேசினார்கள். அது ஆள்வோருக்குப் பிடிக்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு. டில்லி கன்னாட் பிளேசிலிருந்த காபி ஹவுஸ் அவசரநிலைக் காலத்தில், 1976-ல், இடிக்கப்பட்டது. ஒரு டம்ளர் காபியில் சர்க்கார் என்ன அபாயத்தைக் கண்டதோ!

சில ஊர்களில் இந்தக் கூட்டுறவுக் கடைகள் கடனில் மூழ்கியதும், மூடியதும், வாடகை தாங்காமல் இடம் மாறியதும் உண்டு. பெங்களூரில் மகாத்மா காந்தி ரோட்டிலிருந்த கடை 2009-ல் காலி செய்து சர்ச் தெருவுக்குப் போக நேர்ந்தது. ஏ.கே.ஜி.யின் பெயரைச் சொன்னால் கடை தானாக ஓடிவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம்.

கடை வைப்பதே சோஷலிசம் என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ராச்டேல் என்ற மில் ஊர். கூலி உயர்வுக்குப் போராடித் தோற்ற நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளுமாக 28 பேர், வாரா வாரம் பென்னி பென்னியாகச் சேர்த்த 28 பவுன் முதலைக் கொண்டு, 1844 டிசம்பர் 21-ந் தேதி ராத்திரி ஒரு சந்துக் கடையைத் திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் நொய், அவ்வளவுதான் சரக்கு. மில் பையன்கள் வாசலில் நின்று கேலி செய்தார்கள். கலப்படம் கிடையாது, எடை குறைவு கிடையாது, கடன் கிடையாது என்பது அவர்கள் விதி. உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கே அது முன்மாதிரியாயிற்று. இருபது வருஷம் கழித்து, 1864-ல், முதலாவது அகிலத்தின் துவக்க அறிக்கையை எழுதிய மார்க்ஸ், தொழிலாளர் கூட்டுறவுகளைப் புகழ்ந்தார். எஜமான வர்க்கம் இல்லாமலே பெரிய உற்பத்தி நடக்கும் என்று அவை செய்து காட்டியதாகச் சொன்னார். அதே மூச்சில், குறுகிய வட்டத்துக்குள் நின்றுவிட்டால் அவை ஏகபோகத்தை அசைக்க மாட்டா என்றும் எச்சரித்தார். புகழ்ச்சியை மட்டும் படிக்கிறவனும் தவறு செய்கிறான். எச்சரிக்கையை மட்டும் படித்துவிட்டு வீட்டில் உட்காருகிறவனும் தவறு செய்கிறான். நாம் இரண்டாவது ரகத்தில் இருந்தோம்.

இனி ஆட்ட விஷயத்துக்கு வருவோம். கிளைக் கூட்டத்தில் உண்மையான கோபம் இதன் மேல்தான். “பையன்கள் ஏற்கெனவே செல்போனில் துப்பாக்கி சுட்டுக் கொண்டு கிடக்கிறார்கள். அதற்கு நாம் நாற்காலி வேறு போட்டுக் கொடுப்பதா?” என்று கேட்டார்கள்.

எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு என்று ஒரு காலத்தில் தொழிலாளி ரத்தம் சிந்தினான். அந்த மூன்றாவது எட்டு மணியில் அவன் என்ன செய்ய வேண்டும்? கூட்டத்துக்கு மட்டும் வர வேண்டுமா? பணக்காரன் கிளப்பில் டென்னிஸ் ஆடுவான், கோல்ப் ஆடுவான், அது கௌரவம். பதிலித் தொழிலாளியின் மகன் காரம் ஆடினால் குட்டிச்சுவரா?

மார்க்சும் எங்கெல்சும் 1844 ஆகஸ்டில் பாரிசில் சந்தித்துப் பேசி, வாழ்நாள் முழுதும் நீடித்த தோழமையைத் தொடங்கிய இடம் எது தெரியுமா? ‘கபே டி லா ரெஜான்ஸ்’ என்ற காபிக் கடை. அந்தக் கடை ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்தது எதற்காக? செஸ் ஆட்டத்துக்காக! செஸ் ஆட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடி ஆடிய காபிக் கடை அது. லெனினும் செஸ் பிரியர். 1908-ல் காப்ரி தீவில் கார்க்கி வீட்டுக்குப் போனபோது அவர் செஸ் ஆடும் படம் இன்றும் இருக்கிறது.

பாரிஸ் வரை போவானேன்? சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் மானுவல் ஆரன் முன்னின்று ஆரம்பித்த ‘டால் செஸ் கிளப்’பில் காய் நகர்த்தி வளர்ந்த சிறுவன்தான் விசுவநாதன் ஆனந்த். சோவியத் நாட்டு மேதை மிகயீல் டாலின் பெயர் கொண்ட கிளப் அது. சென்னை ஆட்டோ டிரைவரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் காரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியிருந்தது என்ன? ஒரு பலகை, ஒரு விளக்கு, உட்கார ஓர் இடம்.

நமது பழைய படிப்பகங்களை மறந்துவிட்டோமா? ஓர் ஓரத்தில் பத்திரிகை, ஓர் ஓரத்தில் காரம் போர்டு. பவுடர் போட்டுப் பலகை தேய்க்க வந்தவன், தன் முறை வரும்வரை சும்மா இருக்க முடியாமல் பத்திரிகையைப் புரட்டினான். நாம் இயக்கத்துக்கு வந்தது அப்படித்தான். சுண்ணாம்பு மட்டைக் கேள்வி கேட்ட மூத்த தோழரும் அப்படித்தான் வந்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இதை ஞாபகப்படுத்தினோம். “அது வேற” என்றார். எப்படி வேறு என்று கேட்டதற்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் ஒரு விதத்தில் வேறுதான். அவருடைய பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஆட்டத்துக்கும் சூதாட்டத்துக்கும் நடுவிலிருந்த சுவரை இந்தக் காலத்து முதலாளி இடித்துவிட்டான். அந்தக் காலத்தில் சீட்டாட்டத்தில் தோற்கிறவன் சந்துக்குள் போய்த் தோற்க வேண்டும். நாலு பேர் பார்ப்பார்கள், மனைவி வந்து இழுத்துப் போவாள். இன்று மூன்றாவது ஷிப்ட் முடித்துப் படுத்திருக்கிறவனின் தலையணைக்குள் சூதாட்ட விடுதி வந்துவிட்டது. நமது ஐவரில் ஒருவர் தம் சர்வீஸ் பணத்தில் பாதியை ஆன்லைன் ரம்மியில் விட்டவர். எவருக்கும் தெரியாமல், சத்தமில்லாமல், பதினோரு ராத்திரியில். அவரே இதை எழுதச் சொன்னார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

சட்டம் வராமலில்லை. தமிழ்நாடு சட்டசபை 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் அதைத் திருப்பியனுப்பினார். 2023 மார்ச்சில் சபை மறுபடி நிறைவேற்றிய பிறகே, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் ஹைகோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லிற்று. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டு வந்தது. கம்பெனிகள் உடனே கோர்ட்டுக்குப் போயின. இத்தனை இழுபறிக்கு நடுவில் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன, உயிர்கள் போயின.

தனியாகப் படுத்துக் கொண்டு பணத்தைத் தோற்கிற பையனை, நாலு பேர் நடுவில் பணமில்லாமல் ஆட வைப்பது நல்ல காரியமா, கெட்ட காரியமா? பின் அறையில் உட்கார்ந்து பார்த்தால் விளங்கும். தனியே ஆடுகிறவன் தோற்றால் இன்னும் ஒரு தடவை பணம் கட்டுகிறான். கூடி ஆடுகிறவன் தோற்றால் சிநேகிதனைத் திட்டிவிட்டு ஒரு காபி சொல்கிறான். ஆகையால் ஐவரும் போட்ட முதல் விதி: மேஜை மேல் காசு கிடையாது. காபிக்குப் பந்தயம்கூடக் கூடாது. சீட்டுக் கட்டு உள்ளே வரக் கூடாது. 1930-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டத்தைக் காட்டி வாசலில் வந்து நிற்கிற போலீசாருக்கு மாமூல் கொடுக்கிற நிலைமை நமக்கு வேண்டாம்.

அடுத்தது கணக்கு. நமது தோழர்கள் அரசியலில் கெட்டிக்காரர்கள், கணக்கில் அப்படியல்ல. ஐவரையும் உட்கார வைத்துத் தாளில் போட்டுப் பார்த்தோம்.

ஆளுக்கு 20,000 ரூபாய் போட்டு முதல் 1 லட்சம். கடை முன்பணமே 50,000 தின்றுவிட்டது. மாதம் வாடகையும் கரண்டும் 12,000. காபி 15 ரூபாய் என்று வைத்தார்கள். பால், தூள், சர்க்கரை, காஸ் எல்லாம் சேர்த்து அடக்கம் 9 ரூபாய், மிச்சம் 6. ஆக, வாடகைக்கும் கரண்டுக்கும் மட்டுமே மாதம் 2,000 டம்ளர், நாளைக்கு 67 டம்ளர் ஊற்ற வேண்டும். நாளைக்கு 250 டம்ளர் போனால் மாதம் 45,000. வாடகை போக 33,000. ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 6,600 ரூபாய். இதைப் பார்த்ததும் ஐவரும் பேசாமல் இருந்தார்கள். தங்கை மட்டும், “மில்லுல குடுத்ததைவிடக் கம்மிங்க” என்றார்.

ஆட்டக்காரர்களை நம்பிக் கடை வைக்கிறவன் விழுகிற குழி இங்கேதான் இருக்கிறது. ஆட்டக்காரன் ஒரு காபியை வாங்கி வைத்துக் கொண்டு மூன்று மணி நேரம் உட்காருவான். அவன் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கும் சேர்த்துத்தானே வாடகை? இதற்கு வழி சொன்னவர் மூடிய மில்லின் தொழிலாளிதான். எதிரே இன்னொரு மில் ஓடுகிறது. ஷிப்ட் மாறுகிற மூன்று நேரமும் கேட்டுக்கு வெளியே ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் காபியும் போண்டாவும் வேண்டும். நடுவில் கடை காலி. அந்தக் காலி நேரத்தில் ஆட்டக்காரர்கள் வரட்டும். ஷிப்டுக்காரர் கடையைத் தூக்கி நிறுத்துவார். ஆட்டக்காரர் கடையை உயிரோடு வைப்பார். கம்ப்யூட்டருக்கு மணிக்கு 30 ரூபாய். நாலு பெட்டி, நாளைக்கு ஐந்து மணி ஓடினால் 600. காரத்துக்கும் செஸ்ஸுக்கும் கட்டணம் இல்லை. இஷ்டப்பட்டவர் மாதச் சந்தா கட்டலாம். இப்படியும் ஆரம்பத்தில் ஐவருக்கும் முழுச் சம்பளம் கட்டாது. ஆகவே இருவர் ஆறு மாதம் வெளியே வேலை பார்த்துக் கொண்டு ராத்திரியில் மட்டும் வருவது என்று முடிவாயிற்று. இந்த முடிவுக்கு வர மூன்று ராத்திரி சண்டை நடந்தது.

கூட்டுறவுச் சங்கமாகப் பதிய ஐந்து பேர் போதாது. சட்டம் அதிகம் பேர் கேட்கிறது. இப்போதைக்குக் கூட்டாண்மைப் பத்திரம். அதில் சில ஷரத்துகளை நாம் வற்புறுத்தினோம். லாபம் ஐந்து சம பங்கு. பங்கை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது, விலகினால் போட்ட பணத்தை வாங்கிக் கொண்டு போகலாம். வரவு செலவு வாரம் ஒருமுறை சுவரில் ஒட்டப்படும். தண்டல்காரரிடமும் மீட்டர் வட்டிக்காரரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வேலைக்கு ஆள் வைத்தால் அவருக்குச் சட்டப்படிக் கூலி. ஒரு வருஷம் நின்றால் அவரும் பங்காளி. கடைசி ஷரத்துக்குத்தான் முணுமுணுப்பு எழுந்தது. இன்று கூலி, நாளை முதலாளி என்ற கதை அங்கேதானே ஆரம்பிக்கிறது! அமெரிக்காவில் பபலோ நகரத்து ஸ்டார்பக்ஸ் காபிக் கடை ஒன்றில் 2021 டிசம்பரில் தொழிலாளர்கள் ஓட்டெடுப்பில் ஜெயித்துச் சங்கம் அமைத்ததை எடுத்துச் சொன்னோம். காபி ஊற்றுகிறவனும் தொழிலாளியே என்று அங்கே நிரூபித்த பிறகு இங்கே நாம் மறக்கலாமா? ஒப்புக் கொண்டார்கள். எழுதியாகிவிட்டது.

கடன் விஷயத்தில் மட்டும் அபிப்பிராய பேதம் இன்னும் தீரவில்லை. ராச்டேல்காரர்கள் ரொக்கம்தான் என்றார்கள், அதனால்தான் பிழைத்தார்கள். ஆனால் நமது மில் பகுதியில் பற்று நோட்டு இல்லாத டீக்கடை உண்டா? கதவடைப்பு வந்தால், வேலைநிறுத்தம் வந்தால், கேட்டில் பந்தலில் உட்கார்ந்திருக்கிற தொழிலாளிக்குக் காபி இல்லை என்று நமது கடையே சொல்லுமா? சொல்லாவிட்டால் ஒரே மாதத்தில் கடை மூடும். ஆட்டத்துக்கு ஒருநாளும் பற்று இல்லை. போராட்ட நாட்களில் காபிக்கு மட்டும், சங்கம் எழுத்து மூலம் பொறுப்பேற்றால் பற்று என்பது நமது யோசனை. சங்க நிர்வாகிகள் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்தாவது சொல்வார்களாக.

விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கேட்கலாம்: டவுனில் காபிக் கடை திறந்தால் எங்களுக்கு என்ன? ஒன்று உண்டு. கீழத் தஞ்சையில் தோழர் பி. சீனிவாச ராவ் காலத்தில் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை என்றால் என்னவென்று நீங்கள் எவரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. இரட்டைக் குவளை போய்விட்டது என்கிறார்கள். சில கடைகளில் போன வழியைப் பாருங்கள்: தெரிந்த ஜாதிக்காரருக்குக் கண்ணாடி டம்ளர், மற்றவருக்குப் பேப்பர் கப். கேட்டால் ‘சுகாதாரம்’. நமது கடையில் பாய்லருக்கு முன் நிற்கப் போகிற தங்கை எந்தச் சேரியிலிருந்து வந்தவர் என்பது சந்தில் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர் இதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்டார்: “அந்தப் பொண்ணு கணக்குப் பார்க்கட்டும்; காபிக்கு வேறே ஆள் போட்டுக்கங்களேன்.” ஐவரும் ஒரே பேச்சாக, கடை வேண்டாம் என்று எழுந்து விட்டார்கள். அப்போது நமக்கு இருந்த சந்தேகமெல்லாம் போயிற்று. இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரரே ஆள் அனுப்பினார். பாய்லர் தங்கையின் பொறுப்பு. டம்ளர் எல்லாருக்கும் ஒரே எவர்சில்வர் டம்ளர். பேப்பர் கப் வாங்குவதே இல்லை என்று முடிவு.

ஞாயிறு பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை பின் அறை பெண்களுக்கு மட்டும். விடுதிப் பெண்களுக்கு வெளியே விடுகிற நேரம் அதுதான். இது தங்கையின் யோசனை. ஆண்கள் யாருக்கும் தோன்றவில்லை, நமக்கும்தான். மாதர் சங்கத் தோழர்கள் அந்த நேரத்தில் ஒருவராவது வந்து இருந்தால் நல்லது. பிரசங்கம் வேண்டாம், முதலில் காரம் ஆடுங்கள்.

கிளை கடைசியில் என்ன தீர்மானித்தது? கட்சிப் பணம் கடைக்குப் போகாது. கட்சிப் பெயர் பலகையில் வராது. தோழர்கள் ஓய்வு நேரத்தில் கை கொடுக்கலாம். இந்தப் பத்திரிகை ஒரு பிரதி தினசரி பெஞ்சில் கிடக்கும், காசு கொடுத்து வாங்கிய பிரதி. மூத்த தோழர் எதிர்த்து ஓட்டுப் போட்டார். மறுநாள் காலை வெள்ளையடிக்க முதலில் வந்து நின்றவரும் அவர்தான். நாம் அடித்த சுவரைப் பார்த்துவிட்டு, ஒரு பூச்சு போதாது என்று மட்டையை வாங்கிக் கொண்டார்.

பொங்கலுக்கு முன் கடை திறக்க உத்தேசம். பாய்லர் வந்துவிட்டது; பழையது, ஈயம் பூச வேண்டும். ஒரு காரம் போர்டு இருக்கிறது, இன்னொன்று வேண்டும். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் தூசி படிந்து கிடந்தால் சொல்லியனுப்புங்கள். பெஞ்சு இரண்டு குறைகிறது. மரக்கடைத் தோழர் ஒருவர் வெட்டுத் துண்டுப் பலகை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதை ஏற்றி வர ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு வண்டி வேண்டும்.